கொப்பி நிறைந்திருந்தது: உப்புவெளியில் ஒரு தரம் இரண்டுப் பிள்ளையின் ஏழு மாதங்கள்

2024 மே மாதக் கடைசியில், திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் தன் மகளின் தமிழ்க் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பின்னேரங்களில் இப்படி யாராவது கேற்றைத் திறந்துகொண்டு வருவது புதிதல்ல. ஆனால் இந்தக் கொப்பியில் குறை சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் சரி, நட்சத்திரம், 'நன்று'. எழுத்துகள் கோட்டை விட்டு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

“எழுத்து நல்ல வடிவு ரீச்சர். வாசிக்கச் சொன்னாத்தான் அழுறாள்.”

பிள்ளைக்கு ஏழு வயது. தாயின் முதுகுக்குப் பின்னால் நின்றபடி என் வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து, “மரம் எண்டு அஞ்சு தரம் எழுதுங்க பார்ப்பம்” என்றேன். உடனே குந்திவிட்டாள். மேலிருந்து கீழாக ஐந்து ம. அதற்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஐந்து ர. பிறகு இன்னொரு வரிசை ஐந்து ம. கடைசியாக அந்த ஐந்துக்கும் தலையில் பொட்டு வைப்பதுபோல் டக் டக்கென்று ஐந்து புள்ளி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பார்த்தால் ஐந்து மரம். உண்மையில் மரம் என்ற சொல்லை அவள் ஒருமுறைகூட எழுதவில்லை.

முழுக் கொப்பியும் இப்படித்தான் நிறைந்திருந்தது. அன்றிலிருந்து டிசம்பர் வரை அந்த வீட்டோடு சேர்ந்து நான் பார்த்ததையும் செய்ததையும், பிழை விட்டதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். பெற்றோரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன். பிள்ளையைச் சின்னவள் என்றே சொல்கிறேன், வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வீடு

தகப்பன் மூதூர் கிழக்கில் சம்பூர்ப் பக்கத்தவர். 2006இல் யுத்தத்தால் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவருக்கு 14 வயது. மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம் என்று அலைந்ததில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது ஒரு பைபர் படகில் கூலிப் பங்குக்குக் கடலுக்குப் போகிறார். பொழுது படப் போனால் விடியத்தான் கரை, பகலில் நித்திரை. தாய் சாதாரண தரம் சித்தியடைந்தவர். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை, வெளிநாட்டுக்காரர் இந்தக் கரைக்கு வரும் பருவத்தில், ஒரு ஹோட்டலில் துணி தோய்த்து மடிக்கும் வேலை. வீட்டுக்கு வர ஆறு, ஆறரை ஆகும். பகலில் பிள்ளைகளோடு இருப்பவர் அம்மம்மா.

மூத்தவன் தரம் ஐந்து. இதைச் சொன்னால் இலங்கையில் வாசிப்பவர்களுக்கு மிச்சத்தை விளக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில் பரீட்சை செப்டெம்பர் 15. வீட்டின் காசு, நேரம், நேர்த்திக்கடன், முட்டை எல்லாம் அவனுக்கு. சுவரில் அவனுடைய மாதிரி வினாத்தாள்களின் புள்ளிகள் ஒட்டியிருந்தன. சின்னவளிடம் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: “அண்ணாவைக் குழப்பாம உன்ர கொப்பியை முடி.” அவளும் சொன்னபடி முடித்தாள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017இல் பிறந்த பிள்ளைகளின் நேர்சரிக் காலத்தைக் கொரோனா விழுங்கியது. 2022 நடுப்பகுதியில் எண்ணெய் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. அந்த வருடம் கொப்பி விற்ற விலையில், அம்மம்மா அவளுக்கு மணலில்தான் 'அ' காட்டினாராம். பத்திரகாளி அம்மன் கோயிலில் விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய கைதான். ஆனால் தட்டில் பரப்பிய அரிசியில் எழுதிய அந்த ஓர் எழுத்துக்கும் தரம் ஒன்றுக்கும் இடையில் இருக்க வேண்டிய விளையாட்டும் பாட்டும் கதையும் துண்டு துண்டாகத்தான் கிடைத்தன. இவளைப் போன்றவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களை மந்தம் என்று சொல்லும் வாயை முதலில் மூட வேண்டும்.

முதல் வாரம்

எதற்கும் முன்னால் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். தரம் ஒன்றில் நடக்கும் பாடசாலை வைத்தியப் பரிசோதனைக்கு அவள் காய்ச்சலால் போகவில்லை. கிளினிக்கில் காட்டினார்கள், கண்ணிலும் காதிலும் குறையில்லை. வாசிக்காத பிள்ளைக்கு அடி விழுவதற்கு முன் இந்த ஒரு நாளைச் செலவழித்துவிட வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிந்த பிள்ளைகளை ஒரு தவணை முழுவதும் பின்வாங்கில் இருத்தி வைத்திருந்த குற்றம் எனக்கும் உண்டு.

பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். படத்தைக் கையால் மூடினேன், நின்றுவிட்டாள். விரலை வைத்து வாசிக்கச் சொன்னேன். வாய் மூன்றாவது வரியில், விரல் முதலாவது வரியில். புத்தகம் முழுவதும் அவளுக்குப் பாடம். கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறாள். இது கெட்டித்தனம்தான், ஆனால் வாசிப்பு அல்ல.

அ முதல் ஔ வரை மூச்சு விடாமல் சொன்னாள். அட்டைகளைக் குலைத்துப் போட்டபோது எ, ஏ, ஐ மூன்றும் ஒன்றாகிவிட்டன. மெய்யெழுத்துகளில் பழகியவை பத்துப் பன்னிரண்டு. கொம்பு வந்த இடமெல்லாம் தடுமாற்றம். 'கொக்கு' என்பதை 'கெ... ஆ... க்கு' என்று வாசித்தாள். அவள் மேல் பிழையில்லை. கண் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. மூன்றையும் சேர்த்து ஒரே ஒலி என்று யாரும் பொறுமையாகக் காட்டவில்லை. நான் எழுதிக் கொடுத்த, அவள் முன்பு காணாத இருபது எளிய சொற்களில் அன்று நான்கைத்தான் வாசித்தாள்.

அதே பிள்ளையிடம், “அப்பா நேற்று என்ன மீன் கொண்டு வந்தவர்?” என்று கேட்டேன். சூடைக்கும் சாளைக்கும் என்ன வித்தியாசம், ஓராவில் ஏன் கை வைக்கக் கூடாது, முள் குத்தினால் எவ்வளவு நேரம் கடுக்கும், ஏலத்தில் யார் விலையைக் குறைப்பார் என்று பத்து நிமிடம் கதைத்தாள். கேட்டுக்கொண்டிருந்த தாய்க்குச் சிரிப்பு. எனக்கு அந்தப் பத்து நிமிடம்தான் முழு மருந்துச் சீட்டு.

1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தைக் கூட்டி ஒலியாக்கும் திறன் ஒன்று, மொழியைக் கேட்டு விளங்கும் திறன் மற்றது. இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் அல்ல, பெருக்கல் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் பூச்சியமானால் மறுபக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை பூச்சியம். சின்னவளிடம் மொழி நிறைய இருந்தது, எழுத்துக் கூட்டல்தான் கிட்டத்தட்ட இல்லை. நகரத்தில் நான் கண்ட சில பிள்ளைகள் நேர் எதிர்: எதைக் கொடுத்தாலும் கூட்டி வாசிப்பார்கள், வாசித்தது என்னவென்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள், ஏனென்றால் வீட்டில் யாரும் அவர்களோடு கதைப்பதில்லை. இரண்டு வகைப் பிள்ளைக்கும் ஒரே ரியூசன், ஒரே பயிற்சித்தாள் என்பது எனக்கு என்றுமே ஒத்துவராத காரியம்.

நான் போட்ட திட்டம்

முதல் திட்டம் பிழைத்தது. பிழை என்னுடையது.

ஓய்வு பெற்றும் பாடசாலைப் புத்தி போகவில்லை. பெரிய தாளில் கோடு போட்டு அட்டவணை செய்து கொடுத்தேன். இரவு ஏழு மணி, இருபது நிமிடம்: எழுத்து ஏழு, வாசிப்பு ஏழு, கதை ஆறு. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற ஆய்வாளர் பெயரோடு சொல்லப்படும் பத்து நிமிடக் கணக்கு அது. வகுப்புக்குப் பத்து நிமிடமாக, தரம் இரண்டுக்கு இருபது. அவரும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட மீளாய்வு, வீட்டுவேலைக்கும் கல்விப் பேற்றுக்கும் உள்ள தொடர்பு மேல் வகுப்புகளில்தான் பலமாகத் தெரிகிறது, ஆரம்ப வகுப்புகளில் மெல்லியது என்றும் சொல்கிறது. நேரக் கணக்கைப் பிடித்துக்கொண்டேன், அதற்குப் பின்னால் இருந்த எச்சரிக்கையை விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. தகப்பன் கடலில். தாய் கால் வீங்கி வந்து அடுப்படியில். மூத்தவன் மண்டபத்து மேசையில் வினாத்தாளோடு, இருக்கிற நல்ல லைற் அவனுக்கு மேலே. சின்னவள் நித்திரை தூங்கி விழுவாள். இரண்டாம் வாரம் தாய் அட்டவணையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தார். “என்னால ஏலாது ரீச்சர். நேற்று அகப்பைக் காம்பால அடிச்சிட்டன்.” சொல்லிவிட்டு அழுதார். பிள்ளை வாசிக்காததற்கு அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்கு மேல் என் அட்டவணை வேறு.

அட்டவணையை நானே கிழித்தேன். எந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறார்கள், அப்போது என்ன ஏற்கெனவே நடக்கிறது என்று மட்டும் எழுதித் தரச் சொன்னேன். ஒரு சீட்டில் மூன்று வரி வந்தது. மத்தியானம் பிள்ளை வந்ததும் அம்மம்மா சோறு தீத்துவார். விடியத் தகப்பன் வந்து படகுக் கணக்கை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நிலாவெளிக்குச் சித்தி வீட்டுக்குப் போவார்கள். இதற்கு மேல் ஒரு பாடத்திட்டம் தேவைப்படவில்லை.

வெளி

ஜூன் கடைசி ஞாயிறு, பஸ் தரிப்பில் நானும் நின்றேன். புல்மோட்டை பஸ் வந்தது. முகப்பில் மூன்று மொழியில் ஊர்ப்பெயர். வழக்கம்போல் எல்லோரும் பஸ்ஸின் நிறத்தையும் கொண்டக்டரின் சத்தத்தையும் வைத்துத்தான் ஏறுவார்கள், போர்டை யாரும் வாசிப்பதில்லை. சின்னவளுக்கு அந்தத் தரிப்பில் இருந்த 'உப்புவெளி'யைக் காட்டி, இதுதான் எங்கள் ஊர் என்று மட்டும் சொன்னேன். பாடம் எடுக்கவில்லை.

நிலாவெளியில் இறங்கும்போது அவளே நின்றாள். ஒரு கடைப் போர்டைப் பார்த்தாள். “அங்கயும் இதுதான் இருந்தது.”

எது?

விரலால் காட்டினாள். வெளி. உப்புவெளியிலும் வெளி, நிலாவெளியிலும் வெளி. திரும்பி வரும்போது எதிரில் வந்த குச்சவெளி பஸ்ஸையும் கண்டாள். பஸ்ஸுக்குள் எழுந்து நின்று, “இதிலயும் வெளி!” என்று கத்தினாள். முன்சீற்றில் இருந்த ஐயா திரும்பிப் பார்த்தார்.

ஒரே தெருவில் அடுத்தடுத்து மூன்று ஊர், மூன்றும் ஒரே சொல்லில் முடிகின்றன. திருகோணமலையில் பிறந்து வளர்ந்து, முப்பது வருடம் இங்கேயே எழுத்துப் படிப்பித்த எனக்கு இது ஒரு பாடமாகத் தோன்றவேயில்லை. கொம்போடு வரும் வெ, அதற்கு அடுத்து ளி. அந்த மாலைக்குப் பிறகு 'வெ' அவளுக்குப் பிழைக்கவில்லை. வெயில், வெள்ளை, வெங்காயம் மூன்றும் அந்த ஊர்களின் பின்னால் வரிசையாக வந்தன. வெங்காயம் மட்டும் கொஞ்சநாள் 'வெளிகாயம்' ஆக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தெருவை வாசிப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. எங்கள் பக்கத்துப் பெயர்ப்பலகைகளில் தமிழ் எப்படிக் கொலைபடும் என்று தெரியும்தானே. ஓகஸ்டில் ஒரு கட்டடப் போர்டில் புள்ளி விழுந்துபோன சொல்லைக் கண்டு, “பிழையா எழுதியிருக்கினம்” என்று தாயின் கையைப் பிடித்து இழுத்தாள். பிழையைக் கண்டுபிடிப்பது பிள்ளைக்கு எவ்வளவு சந்தோசம் என்பதை நாங்கள் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்ததிலிருந்து மறந்துவிடுகிறோம்.

அம்மம்மா

சோறு தீத்தும்போது அம்மம்மா நொடி போடுவார். ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண் பட்டு உடைந்தது, அது என்ன? தேன்கூடு. இதை நிறுத்தவேண்டாம், கூட்டுங்கள் என்றேன். விடை சொன்னதும் அந்தச் சொல் எந்தச் சத்தத்தில் தொடங்குகிறது என்று கேட்கச் சொன்னேன். தே. தே-யில் வேறு என்ன? தேங்காய், தேத்தண்ணி, தேர். எழுத்தே இல்லாமல் காதால் மட்டும் விளையாடுவது. தமிழ் எழுத்துகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஓர் அசையைச் சுமப்பதால், சொல்லை அசையாகப் பிய்க்கத் தெரிந்த காதுக்கு எழுத்து பாதி வசப்பட்டது மாதிரி.

“ஆனா, ஆவன்னா, கானா, சானா” என்று எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் அவர் படித்தவர். பெயரைக் கூட்டினால் சொல் வராது. 'பானா, டானா, இம்மன்னா' என்று இழுத்தால் படம் எப்படி வரும்? ஒலியை மட்டும் சொல்லுங்கள் என்றதும் இரண்டு நாளில் பிடித்துக்கொண்டார். கொம்பை விளக்கியதும் அவர்தான், நான் அல்ல. “அது முன்னுக்குத்தான் நிக்கும் மகள், ஆனா பின்னுக்குத்தான் கதைக்கும். உன்ர கொண்ணன் மாதிரி.” கொக்கு அன்றிலிருந்து கொக்கு.

ஆனால் ஜூலையில் ஒரு சண்டை வந்தது. அம்மம்மா எழுதிக் கொடுத்த 'யானை'யில் னை பழைய வடிவம். ஐகாரத்துக்குத் தனிக் கொம்பு போடாமல், எழுத்தின் தலையிலிருந்தே தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை, ளை, னை எல்லாம் இன்றைய வடிவத்துக்கு மாறின. இலங்கைப் புத்தகங்களும் பிறகு மாறின. அறுபதைத் தாண்டியவர்களின் கை மட்டும் மாறவில்லை. பிள்ளை அதையே வகுப்பில் எழுதினாள், பிழை போடப்பட்டது, “அம்மம்மாவுக்கு எழுதத் தெரியா” என்று வீட்டில் வந்து சொன்னாள். கிழவி அன்று சாப்பிடவில்லை. நான் போய் என் பழைய டயரியைக் காட்டினேன். என் னையிலும் தும்பிக்கை. “ரெண்டும் யானைதான். பள்ளிக்கூடத்துக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு” என்று தீர்த்தோம். இன்றைக்கும் அவளுக்கு இரண்டையும் வாசிக்கத் தெரியும்.

தாய்

தாய்க்கு நான் கொடுத்தது ஒரேயொரு வேலை, அதுதான் இந்த ஏழு மாதங்களிலேயே கஷ்டமான வேலை: சும்மா இருப்பது.

மகள் ஒரு சொல்லில் நின்றால் அடுத்த நொடியே சரியான சொல் தாயின் வாயிலிருந்து விழும். பிள்ளை தாயின் வாயைப் பார்த்து வாசிக்கப் பழகியிருந்தாள். நியூசிலாந்தில் 1970களின் கடைசியில் பெற்றோருக்காகவே ஒரு முறை வகுத்தார்கள். பிள்ளை தடுமாறினால் ஐந்து நொடி பொறு. பிறகும் வராவிட்டால் ஒரு துப்புக் கொடு. சரி வந்தால் எது சரி என்று சொல்லிப் பாராட்டு. தாயிடம் மனதுக்குள் ஐந்து எண்ணச் சொன்னேன். “ரீச்சர், அஞ்சு எண்ணி முடியிறதுக்குள்ள எனக்கு நெஞ்சு வெடிக்குது” என்றார். மூன்றாம் நாளிலிருந்து சேலைத் தலைப்பில் ஐந்து மடிப்பு மடித்துக்கொண்டிருந்தார். அவர் மடித்து முடிப்பதற்குள் பிள்ளை சிலவேளை சொல்லைப் பிடித்துவிடுவாள்.

அவரோடு கதைத்ததில் இன்னொன்றும் வெளிவந்தது. இரவில் புள்ளிக் கோடு போட்டு மகளின் கையைப் பிடித்து எழுதுவித்தது அவர்தான். படம் ஒட்டுகிற வேலை வந்தால் கொமினிக்கேசன் கடைக்கு ஓடி, பிரிண்ட் எடுத்து, வெட்டி, ஒட்டி, கீழே பெயரும் எழுதியது அவர்தான். நட்சத்திரங்களில் பாதி தாய்க்குச் சேரவேண்டியவை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வெறும் கொப்பியோடு பிள்ளையை அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆனால் வகுப்பு ஆசிரியைக்கு அந்தக் கொப்பி சொன்னது பொய்.

கனடாவில் செனெஷால், லெஃபேவ்ர் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றை இந்த இடத்தில் நினைப்பேன். வீட்டில் கதைப்புத்தகம் வாசித்துக் காட்டுவது பிள்ளையின் சொல்வளத்தோடு தொடர்புபட்டது. எழுத்தை நேரடியாகக் காட்டிக் கொடுப்பது எழுத்தறிவின் தொடக்கத் திறன்களோடு தொடர்புபட்டது. ஒன்று செய்தால் மற்றது தானாக வராது. புத்தகம் வாசித்துக் காட்டுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று கூட்டங்களில் பேசுபவர்கள் இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

தகப்பன்

தன்னால் உதவ முடியாது என்று அவர் முடிவே செய்திருந்தார். “நான் எட்டாம் வகுப்பு. பிழையாச் சொல்லிக் குடுத்திட்டா?” விடிய வந்து குளித்து, தேத்தண்ணியோடு திண்ணையில் இருந்து ஒரு பழைய சீ.ஆர். கொப்பியில் கணக்கு எழுதுவார்: மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர், ஐஸ் எத்தனை, எந்த மீன் எத்தனை கிலோ. அந்நேரம் சின்னவள் பாடசாலைக்கு வெளிக்கிட்டு நிற்பாள். பத்து நிமிடம் கிடைக்கும்.

அவரிடம் நான் கேட்டது, கணக்கில் மீனின் பெயரை மட்டும் அவளைக் கொண்டு எழுதுவியுங்கள் என்பது. பால்மாப் பெட்டி அட்டையில் முதலில் பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தேன்: சூடை, சாளை, சூரை, பாரை, கட்டா, கும்பிளா, ஓரா, கணவாய், இறால், திருக்கை. அட்டையைப் பார்த்து எழுதலாம், பார்க்காமலும் எழுதலாம். பிழைக்கு அடி இல்லை, ஏனென்றால் கணக்குப் பார்ப்பவர் படகுக்காரச் சம்மாட்டி, அவருக்குக் கிலோ சரியாக இருந்தால் போதும்.

இங்கேதான் எதிர்பாராதது நடந்தது. தகப்பன் இறாலை 'இரால்' என்று எழுதிப் பழகியவர். சின்னவள் அட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிடித்தாள். “அப்பா, பெரிய ற.” அவர் என்னிடம் வந்து மெதுவாக, “உண்மையா ரீச்சர்?” என்று கேட்டார். உண்மைதான் என்றேன். போய் மகளிடம், “நீ சொன்னது சரி, இனி நீயே எழுது” என்றாராம். வீட்டில் அவளுக்கு மேலே எல்லோரும் திருத்துபவர்கள். அவளைத் திருத்தச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அப்பாதான். அன்றிலிருந்து விடியற்காலையில் யாரும் எழுப்பாமல் எழும்பினாள்.

ர/ற, ன/ண, ல/ள/ழ குழப்பம் எங்கள் பேச்சுத்தமிழில் கேட்டுத் தீராது. வாழைப்பழத்தை வாளைப்பளம் என்று சொல்லும் வாயிடம் ழ எங்கே என்று கேட்டுப் பயனில்லை. கண்ணால் கண்டு, கையால் எழுதி, ஒரு தேவைக்காகத் திரும்பத் திரும்பப் பாவித்தால்தான் பதியும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 247 என்று பெருமையாகச் சொல்கிறோம். ஏழு வயதுக்குள் எல்லாம் வந்துவிடவேண்டும் என்று அவசரப்படவும் செய்கிறோம். சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2007இல் வந்தது. நம்முடையதைப் போன்ற உயிர்மெய் எழுத்து முறையில், எழுத்துகள் முழுமையாகக் கைவர மூன்றாம் நான்காம் வகுப்புவரை செல்லும் என்று காட்டியது. இதைச் சொன்னபோது தாய் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

பாடசாலை

ஜூலை நடுவில் தாயோடு வகுப்பு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். குறை சொல்லப் போகிறோம் என்று அவர் நினைத்திருக்கக் கூடும். வகுப்பில் முப்பத்தைந்துக்கு மேல் பிள்ளைகள். வீட்டுவேலையைக் குறைக்க அவருக்கும் விருப்பம். “கொப்பியில ஒண்டுமில்லை, ரீச்சர் படிப்பிக்கிறதில்லை எண்டு பெற்றோர்தான் அதிபரிட்டப் போகினம்” என்றார். தாய் குனிந்துகொண்டார். போனவருடம் அப்படிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டு விஷயத்தில் உடன்பட்டோம். பதினைந்து சொல்லை ஐந்து முறைக்குப் பதிலாக, சின்னவள் மூன்று சொல்லை எழுதி, அவற்றை வாசித்துக் காட்டி, ஒன்றை வைத்து ஒரு வசனம் சொன்னால் போதும். எழுதும்போது கீழ்நோக்கி அல்ல, சொல் சொல்லாகக் குறுக்கே. தாய் செய்த வேலை என்றால் மூலையில் 'அ' என்று சின்னதாகப் போட்டுவிடுவார், ஆசிரியைக்கு விளங்கும். அடுத்த தவணை வகுப்பு முழுவதையும் கவனித்தபோது, பதினொரு பிள்ளைகள் கீழ்நோக்கி எழுதுகிறார்கள் என்று அந்த ஆசிரியையே எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

செப்டெம்பர் 15க்குப் பிறகு வீட்டில் நல்ல லைற்றுக்கு அடியில் சின்னவளுக்கும் இடம் கிடைத்தது. ஒக்டோபர் வாசிப்பு மாதம். நகரப் பொது நூலகத்தில் அண்ணனும் தங்கையும் அங்கத்தவரானார்கள். புலமைப்பரிசில் என்ற பெயரில் ஒரு வருடம் கதைப்புத்தகமே தொடாத அவன்தான், இரவில் அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினான். யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது.

டிசம்பர்

டிசம்பர் நடுவில் முன்பு கொடுத்த இருபதுக்குச் சமமான புதிய இருபது சொற்களைக் கொடுத்தேன். பதினைந்து வாசித்தாள். எ, ஏ நெடில் குறில் இன்னும் தடுமாறுகிறது. ண, ன பாதிக்குப் பாதி. நீண்ட சொல்லில் நடுவில் களைத்து, முடிவை ஊகிக்கிறாள். வகுப்பின் நடுவாந்தரத்துக்கு இன்னும் வரவில்லை. தாயின் பருவ வேலை ஏப்ரலில் திரும்பத் தொடங்கும்போது இதில் எவ்வளவு நிற்கும் என்ற பயம் எனக்கு உண்டு. மூத்தவனின் பெறுபேறு வெட்டுப்புள்ளிக்கு எந்தப் பக்கம் விழுந்தாலும், வீட்டின் கவனம் மறுபடி அவன் பக்கம் சாயக்கூடும். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கிற காரியம்.

காற்று வாடைக்கு மாறி மழை பிடித்ததும் படகுகள் கரையேறிவிட்டன. தகப்பன் வீட்டில்தான். கணக்குக் கொப்பியில் எழுத ஒன்றுமில்லை. நான் போன அன்று அது திண்ணையில் விரித்தபடி கிடந்தது. கடைசிக் கணக்கு நவம்பரில், அவள் கையெழுத்தில்: 'மண்ணென்னை 20 லீ'. தமிழ் எழுதத் தெரிந்த பெரியவர்களே இடறும் சொல் அது, ண்ணெ இரண்டு இடத்தில் வரவேண்டும். அவள் முதலாவதைச் சரியாக எழுதி, இரண்டாவதை வேறுவிதமாக எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, யாரும் கேட்காமல், பென்சிலால் ஒரு வரி:

கடல் பெருசு. இண்டைக்கும் அப்பா போகேல்ல.

தாய் வந்து பார்த்தார். “பேசுற மாதிரியே எழுதி வைச்சிருக்கிறாள். 'போகவில்லை' எண்டெல்லோ வரோணும்” என்று அழிறப்பரைத் தேடினார். தகப்பன் கொப்பியை எடுத்து, அந்த வரியை விரல் வைத்து மெதுவாக ஒருமுறை வாசித்தார். பிறகு மூடி, கூரைக்குக் கீழே இருந்த உயரத் தட்டில் வைத்துவிட்டார்.